கம்பத்துக்கு எந்தப் பூச்சு? உழைப்பும் ஒவ்வாமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போல் டான்ஸ் (நிமிர்ந்து நிற்கும் கம்பத்தைப் பிடித்து ஏறியும் சுற்றியும் ஆடுவது) சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் பாதி கம்பத்தைப் பற்றியவைதான். எந்தப் பூச்சு வாங்குவது, ஏன் அரிக்கிறது, ஏன் உரிகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். ‘போல்’ என்று தனியாக எழுதினால் ‘மாதிரி’ என்று வாசித்துக் குழம்புகிறார்கள். ஆகவே ஆட்டத்துக்குப் போல் டான்ஸ், கருவிக்குக் கம்பம்.

எல்லாம் ஒரே இரும்புக் குழாய்தானே? பூச்சில் அப்படி என்ன வித்தியாசம்?

குழாய் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் தோல் படுவது அதன் மேல்பரப்பில். பொதுவாகக் கிடைப்பவை ஆறு: குரோம் முலாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (அதாவது எவர்சில்வர்), பித்தளை, டைட்டானியம் கோல்டு, பவுடர் கோட்டிங், சிலிக்கோன். இதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் கெட்டிப் பித்தளைக்கும் பூச்சே கிடையாது. உள்ளே வெளியே எல்லாம் அதே உலோகம். மற்ற நான்கும் வேறொன்றின் மேல் ஏற்றப்பட்டவை.

இது மனதில் நின்றால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும். பூச்சு தேய்ந்தால் அடியில் இருப்பது வெளியே வரும். அடியில் இருப்பது உங்கள் தோலுக்கு ஆகாததாக இருந்தால், ‘எத்தனை வருஷம் உழைக்கும்’ என்பதும் ‘எனக்கு அரிக்குமா’ என்பதும் ஒரே கேள்விதான். இரண்டையும் தனித்தனியாக விசாரித்தவர்கள்தான் பெரும்பாலும் தப்பான கம்பத்தோடு என்னிடம் வருகிறார்கள்.

முதல் தடவை வாங்கறேன். எனக்கு அலர்ஜி எதுவும் இல்லை. எதை எடுக்கட்டும்?

அலர்ஜி நிஜமாகவே இல்லை என்றால் குரோம். வழுக்கலும் இல்லாமல், அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளவும் செய்யாமல் நடுவில் நிற்கும். பழகும் இடங்களில் பரவலாக இருப்பதும் அதுதான் என்பதால், வீட்டில் கற்றது வெளியிலும் அப்படியே கைகொடுக்கும். கை ரொம்ப வியர்ப்பவர்கள், புழுக்கமான இடத்தில் ஆடுகிறவர்கள் பித்தளையையோ பவுடர் கோட்டிங்கையோ யோசிக்கலாம்.

ஆனால் ‘எனக்கு அலர்ஜி இல்லை’ என்பதை நான் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை. அடுத்த கேள்வியைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

நிக்கல் அலர்ஜி எனக்கு இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நான் கேட்பது மூன்றே கேள்வி. மலிவான கம்மல் போட்டால் காது மடல் அரித்துப் புண்ணாகுமா? ஜீன்ஸ் பட்டன் படுகிற இடத்தில், தொப்புளுக்குக் கீழே, அடிக்கடி சொறி வருமா? கைக்கடிகாரப் பட்டையின் கொக்கி படும் இடம் கறுத்துத் தடித்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நிக்கலைச் சந்தேகிக்கலாம். உலோக ஒவ்வாமைகளிலேயே இதுதான் அதிகம் பேரிடம் காணப்படுவது. காது குத்திக்கொள்வதால் பெண்களிடம் கூடுதல்.

உறுதியாகத் தெரியவேண்டும் என்றால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட். நிக்கல் சல்பேட் உட்படப் பல பொருட்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டுவைப்பார்கள். எடுத்த பிறகு ஒரு தடவையும், ஓரிரு நாள் கழித்து இன்னொரு தடவையும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கவும் கூடாது. அந்த வாரம் கம்பம் பக்கம் போகமுடியாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊசி குத்தியோ ரத்தம் எடுத்தோ செய்யும் வழக்கமான அலர்ஜிப் பரிசோதனை இதற்கு உதவாது, அது வேறு வகை ஒவ்வாமைக்கு.

இன்னொன்று. இது பிறவியிலேயே வருவதல்ல. தொட்டுத் தொட்டு ஒருநாள் உடம்பு நிக்கலை எதிரி என்று முடிவு கட்டும். கட்டிவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. ‘ரெண்டு வருஷமா இதே கம்பத்தில்தானே ஆடறேன், இப்ப எப்படி அலர்ஜி வரும்’ என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

ஆடி முடிச்சா தொடையெல்லாம் சிவந்துடுது. இது அலர்ஜியா, உரசலா?

எப்போது வந்தது, எப்போது போனது என்று பாருங்கள். ஆடும்போதே சிவந்து, எரிந்து, சில மணி நேரத்தில் அடங்கினால் உரசல். மறுநாள் நீலம், அப்புறம் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறினால் கன்றிப்போன ரத்தக்கட்டு. புதிதாகக் கற்பவர்களுக்கு இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இறங்கிய சில நிமிடத்தில் கொசு கடித்த மாதிரி தடித்து, ஒரு மணி நேரத்தில் தடம் தெரியாமல் போனால், அழுத்தமோ கீறலோ பட்டால் தடிக்கும் தோல் உங்களுடையது. அதற்கும் உலோகத்துக்கும் சம்பந்தமில்லை.

நிக்கல் மெதுவாக வேலை செய்யும். திங்கட்கிழமை ஆடினால் செவ்வாய் மாலையோ புதன்கிழமையோதான் அரிப்பு தொடங்கும். சிறு பொரிப்பொரியாக எழும்பும், சில நேரம் நீர் கோக்கும், காய்ந்து செதில் விடும், ஒரு வாரமோ கூடவோ நிற்கும். இடைவெளி இவ்வளவு இருப்பதால் யாரும் கம்பத்தைச் சந்தேகிப்பதில்லை. புது சோப்பு, புது டிடர்ஜென்ட், வேறு துணி என்று எதையெதையோ மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு காகிதத்தில் ஆடிய நாளையும் அரித்த நாளையும் நாலு வாரம் குறித்து வையுங்கள். தொடையின் உட்பக்கம், முழங்கால் மடிப்பு, முழங்கை மடிப்பு, அக்குள், இடுப்பின் பக்கவாட்டு என்று கம்பத்தைக் கவ்வும் இடங்களில் மட்டும் வருகிறதா என்றும் பாருங்கள். உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் அங்கே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், அதை வைத்துச் சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

குரோம் கம்பத்தில் மேலே குரோம்தானே இருக்கு? நிக்கல் எங்கிருந்து வந்தது?

குரோமுக்கு அடியிலிருந்து. இரும்புக் குழாயின் மேல் நேராகக் குரோம் ஏற்றினால் பளபளப்பும் வராது, துருவும் நிற்காது. அதனால் முதலில் நிக்கல் அடுக்கு, சில சமயம் அதற்கும் முன்னால் செம்பு, கடைசியில் குரோம். அலங்கார முலாமில் நிக்கல் பத்து முதல் முப்பது மைக்ரான் வரை இருக்கும். மேலே வரும் குரோமோ பெரும்பாலும் அரை மைக்ரானைக்கூட எட்டாது. ஒரு தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். நீங்கள் கண்ணாடி மாதிரி பார்த்து ரசிப்பது அதில் நூற்றில் ஒரு பங்கைத்தான்.

அந்த மெல்லிய குரோமிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. புதிதாக இருக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. வியர்வையில் உப்பு இருக்கிறது, அது அந்த விரிசல்கள் வழியாக இறங்கி நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கை அதிகம் படும் உயரத்தில் குரோம் தேய்ந்தால் நிக்கலே மேல்பரப்பாகிவிடும். குரோமின் நிறம் லேசாக நீலம் கலந்தது. நிக்கலில் ஒரு மஞ்சள் சாயல் இருக்கும். பகல் வெளிச்சத்தில் கம்பத்தை மேலிருந்து கீழே பாருங்கள். நெஞ்சு உயரத்தில் மட்டும் வெளிறிய மஞ்சள் திட்டு தெரிந்தால் அதுதான்.

குரோமியத்துக்கே அலர்ஜி உள்ளவர்களும் உண்டு. அது பதனிட்ட தோலால் செய்த பொருட்களிலும் சிமென்ட்டிலும் வரும் வேறு வடிவக் குரோமியம். முலாமாகக் கெட்டியாக உட்கார்ந்த உலோகக் குரோமியம் அதுவல்ல.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் நிக்கல் இருக்காமே? அப்புறம் எப்படி அலர்ஜிக்கு அதையே சொல்றீங்க?

இருக்கிறது, அதுவும் கொஞ்சமல்ல. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316 ரகத்தில் நிக்கல் பத்து சதவீதத்துக்கும் மேல், கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். எண்ணைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் தோலுக்கு முக்கியம் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு வெளியே வருகிறது என்பது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் குரோமியம் ஆக்சைடு ஒரு சவ்வாகப் படிந்திருக்கும், சில நானோமீட்டர்தான் கனம். கீறினால் காற்று பட்டு அதுவே மறுபடி படிந்துகொள்ளும். நிக்கல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். தோலோடு நெடுநேரம் ஒட்டிக் கிடக்கும் நகை, கடிகாரம் போன்றவற்றிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. 304, 316 இரண்டும் அதற்கு வெகு கீழே நிற்கும். கடைசலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கந்தகம் சேர்த்த 303 மட்டும் விதிவிலக்கு, அது அதிகமாக விடும். எனவே ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல்லோடு திருப்திப்படாமல் எண்ணைக் கேளுங்கள்.

ஒரு குறை உண்டு. பிடி குரோமைவிடக் குறைவு. குளிர்ந்த கம்பத்தில் முதல் பத்து நிமிடம் சறுக்கு மரம் ஏறுவதுபோல இருக்கும். உடம்பும் கம்பமும் சூடான பிறகுதான் பிடிக்கும். அரிப்பா சறுக்கலா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சறுக்கலைத்தான் எடுப்பேன், பழகப் பழக அது குறையும்.

காந்தம் ஒட்டினா போலி எவர்சில்வர்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. 304, 316 ரகங்களில் காந்தம் ஒட்டாது என்பது பொது விதி. ஆனால் குழாயாக வளைத்து இழுக்கும்போது 304 கொஞ்சம் காந்தத்தன்மை பெறும், லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம். ‘டப்’பென்று ஒட்டி, பிடுங்கினால்தான் வருகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது சாதாரண எஃகு, மேலே இருப்பது முலாம். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி எனக்கு வந்த ஒரு கம்பத்தை இப்படித்தான் கண்டுபிடித்தேன், ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தை வைத்து.

பித்தளையில் பிடி பிரமாதமா இருக்குமாமே? உடம்பு பச்சையாயிடுமே, அது அலர்ஜிதானே?

பிடி நிஜமாகவே நன்றாக இருக்கும், குறிப்பாகப் புழுக்கமான அறையில். பித்தளை மென்மையான உலோகம். வியர்வை பட்டு மேல்பரப்பு நுணுக்கமாகச் சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்புதான் பிடி. அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர்கள் ‘பிடியே போச்சு’ என்று என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். மங்கலாக விடுங்கள். கண்ணுக்கு அழகாக வேண்டும் என்பவர்கள் வேறு எதையாவது வாங்கலாம்.

பச்சை அலர்ஜி அல்ல. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். செம்பு வியர்வையோடு சேர்ந்து உண்டாகும் களிம்பு அது. சோப்பு போட்டால் போய்விடும், வெள்ளைத் துணியில் பட்டால் போகாது. ஆடி முடித்ததும் கையில் வரும் அந்த நாணய வாசனைகூட உலோகத்துடையது அல்ல. தோலின் எண்ணெய் உலோகம் பட்டு உடைவதால் வருவது, அதாவது உங்களுடையதே. செம்புக்கு ஒவ்வாமை இருப்பது அபூர்வம், ஆனால் உண்டு. சில பித்தளைகளில் கடைசலுக்காக ஈயம் சேர்ப்பார்கள். ஆகவே என்ன கலவை என்று கேட்பதும், ஆடியபின் கை கழுவாமல் சாப்பிட உட்காராமல் இருப்பதும் நல்லது. கெட்டிப் பித்தளையா, எஃகின் மேல் பித்தளை முலாமா என்பதையும் கேளுங்கள். முலாம் என்றால் குரோமுக்குச் சொன்ன கதையே இதற்கும்.

டைட்டானியம்னா அலர்ஜியே வராதாமே? எலும்புக்குள்ளயே வைக்கிறாங்களே!

எலும்புக்குள் வைப்பது முழுக்க டைட்டானியம் அல்லது டைட்டானியக் கலவை. ‘டைட்டானியம் கோல்டு’ கம்பத்தில் இருப்பது டைட்டானியம் நைட்ரைடு என்ற பூச்சு, ஓரிரு மைக்ரான், மிஞ்சிப்போனால் நாலைந்து. தங்கமும் அதில் இல்லை, அந்த மஞ்சள் நைட்ரைடின் சொந்த நிறம். டிரில் பிட்டுகளில் பார்த்திருப்பீர்கள், அதே சரக்கு.

பூச்சு அருமையானது. தோலுக்கு ஒன்றும் செய்யாது, குரோமைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கடினம், எளிதில் தேயாது. பிடியும் ஸ்டெயின்லெஸ்ஸை விட நன்றாக இருப்பதாகத்தான் ஆடுபவர்கள் சொல்கிறார்கள், என் அனுபவமும் அதுவே. சிக்கல் எங்கே என்றால், கடினமான மெல்லிய பூச்சை மென்மையான உலோகத்தின் மேல் ஏற்றுவது தலையணைமேல் முட்டையோட்டை வைப்பது மாதிரி. உரசலைத் தாங்கும். எதிலாவது இடித்து அடியில் குழிந்தால் மேலே ஓடு விரியும். அப்படி விரிந்தால் அடியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ஸ்டெயின்லெஸ் மேல் ஏற்றியிருந்தால் நிம்மதி. குரோமும் நிக்கலும் பூசிய எஃகின் மேல் ஏற்றியிருந்தால் நிக்கல் அலர்ஜி உள்ளவர்களுக்கு அது தற்காலிக நிம்மதிதான். விற்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பவுடர் கோட்டிங் எவ்வளவு நாள் வரும்?

ஆறில் தோலுக்கு நல்ல பிடி தருவதில் இது முன்வரிசை, உழைப்பதில் கடைசி வரிசை. தூளை மின்னூட்டி ஒட்டவைத்து, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருக்கி எடுத்த பிளாஸ்டிக் உறை அது, தடிமன் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான். தோல் படுவது உலோகத்தில் அல்ல என்பதால் முழுசாக இருக்கும்வரை நிக்கல் பயம் இல்லை. சுரண்டினால் சில்லு பெயரும். முதலில் பெயர்வது துண்டுகள் சேரும் மூட்டின் ஓரங்களில். பெயர்ந்த இடத்தின் விளிம்பு பிளேடு மாதிரி தோலைக் கீறும், ஈரம் உள்ளே போய் அடியில் துருவும் பிடிக்கும். பிடி அதிகம் என்பதால் சறுக்கி இறங்கும் அசைவுகளில் தோலும் வழண்டுபோகும். மாதம் ஒரு தடவை மூட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள்.

சிலிக்கோன் போட்டதுல முழு உடையோடயே ஆடலாமாமே?

ஆமாம், அதற்காகவே செய்தது. வெறும் தோலில் ஆடினால் ஒட்டிக்கொண்டு நகரவிடாது. கம்பமும் சுற்றுகிற வகையாக இருக்கவேண்டும். உலோகம் எதுவும் ஆகாதவர்களுக்கு நல்ல வழி. லேடெக்ஸ் அலர்ஜிக்காரர்களும் பயப்பட வேண்டாம், ரெண்டும் வேறு. ஒரே ஒரு கூர்மையான நகம் போதும், கிழிந்துவிடும். கிழிந்ததை ஒட்டவைக்க முடியாது.

கல்யாண மோதிரத்தைக் கழற்ற மாட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனசில்லை. கல் வைத்த மோதிரம் குரோமைக் கிழித்து நிக்கலைத் திறந்துவிடும், வைரம் என்றால் டைட்டானியம் நைட்ரைடே தாங்காது. விரலுக்கும் ஆபத்து. கழற்ற முடியவில்லை என்றால் மருத்துவ டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். வளையல், கொலுசு, இடுப்பு பெல்ட், கொக்கி வைத்த ஹீல்ஸ் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்.

எதைப் போட்டுத் துடைக்கிறது? பாத்ரூம் கிளீனர் போட்டா நல்லா பளபளக்குதே!

தயவுசெய்து வேண்டாம். பாத்ரூம் கிளீனர்களில் அமிலமோ குளோரினோ இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமைக் கரைத்தே விடும். குளோரின் ப்ளீச் ஸ்டெயின்லெஸ்ஸில் குண்டூசி முனை அளவுக் குழிகளைப் போடும். பளபளப்பது போலத் தெரிவது பூச்சு போகிற அழகுதான்.

குரோம், ஸ்டெயின்லெஸ், டைட்டானியம் கோல்டு, பித்தளை நான்குக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். வியர்வை காய்வதற்கு முன்னால், அதாவது ஆடி முடித்த உடனே துடையுங்கள். மறுநாள் ஆடும் முன் துடைப்பது பிடிக்கு நல்லது, பூச்சுக்கு அது தாமதம். பவுடர் கோட்டிங்குக்கு மென்மையான சோப்புத் தண்ணீரே நல்லது, அசிட்டோன் ஆகவே ஆகாது. சிலிக்கோனுக்கும் சோப்புத் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் எதற்கும் கூடாது. அதன் துணுக்குகள் ஸ்டெயின்லெஸ்ஸில் பதிந்து துருப்பிடித்து, ‘எவர்சில்வர் துருப்பிடிக்குது’ என்று அடுத்த கேள்வியோடு வருவீர்கள். கடல் காற்று படும் வீடு என்றால் ஆடாத நாளிலும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து உலர்த்துங்கள். உப்பைத் தாங்குவதில் 304-ஐ விட 316 மேல்.

கம்பத்தையே மாத்திட்டேன், ஸ்டெயின்லெஸ் 316. இன்னும் அரிக்குது. ஏன்?

இந்தக் கேள்வியோடு வந்த மாணவி ஒருத்தியின் பையை ஒருநாள் தரையில் கொட்டிப் பார்த்தோம். கைக்குப் போடும் பிடிமான மருந்து மட்டும் மூன்று வகை. அதில் ஒன்றின் டப்பாவில் பொருட்பட்டியலில் முதலிலேயே ரோசின். பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது, நிக்கல் மாதிரியே பேட்ச் டெஸ்டின் வழக்கமான பட்டியலில் இடம் பிடித்த பேர்போன ஒவ்வாமைப் பொருள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி பட்ட இடம் சதுரமாக அரிக்கும் என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். சில பிளாஸ்திரிப் பசைகளிலும் ரோசின் உண்டு. அதை நிறுத்தி வெறும் மக்னீசியம் கார்பனேட் சாக் பவுடருக்கு மாறினாள், மூன்று வாரத்தில் தோல் ஆறியது.

ஆக, கம்பத்தை மாற்றும் முன் மருந்துகளை மாற்றிப் பாருங்கள், செலவும் குறைவு. வாசனை சேர்த்தவை, தேன்மெழுகு கலந்தவை இரண்டும் சந்தேகப் பட்டியலில். துடைத்த ஆல்கஹால் காயும் முன் ஏறினாலும், அன்றைக்குத்தான் கால் மழித்திருந்தாலும் எரியும், அது ஒவ்வாமை அல்ல. பழகும் இடத்தில் உங்களுக்கு முன்னால் ஆடியவர் பூசிய ரோசின் கம்பத்தில் மிச்சம் இருப்பதையும் மறக்காதீர்கள்.

குரோமில் சின்னச் சின்னப் புள்ளி வந்திருக்கு. மறுபடி முலாம் பூசிக்கலாமா?

முதலில் நகத்தால் தடவுங்கள். நகம் தட்டாமல் வழுக்கிப் போனால் மேல்படிவு, ஆல்கஹாலில் போகும். நகம் இடறினால் குழி. பழுப்பு நிறம் கசிந்தால் குரோமையும் நிக்கலையும் தாண்டி எஃகு வரை போய்விட்டது. அந்த இடத்தை மணல் காகிதம் வைத்துத் தேய்க்காதீர்கள், குழி பெரிதாகும்.

மறு முலாம் செய்யமுடியும். ஆனால் பழையதை முழுக்கக் கரைத்தெடுத்து, எஃகைச் சமப்படுத்தி, மறுபடி நிக்கலும் குரோமும் ஏற்றவேண்டும். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாகச் சேருவதால் தடிமன் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் மூட்டு ஆடும் அல்லது நுழையாது. தலைகீழாகத் தொங்கப்போகிற கம்பத்தில் ஆடுகிற மூட்டை நான் ஏற்கமாட்டேன். அந்த ஒரு துண்டை மட்டும் புதிதாக வாங்கிப் போடுவது நல்லது.

பழைய கம்பம் ஒண்ணு மலிவா வருது. வாங்கலாமா?

டார்ச் லைட், காந்தம், பழைய நைலான் சாக்ஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சாக்ஸைக் கையில் மாட்டி மேலிருந்து கீழே மெதுவாக இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லும் குழியும் நூலைப் பிடித்து இழுக்கும். டார்ச்சைக் கம்பத்தோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் உரிந்த விளிம்பு நிழலாகத் தெரியும். மூட்டுகளைக் கழற்றி உள்ளே பாருங்கள், துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

நிக்கல் அலர்ஜி உள்ளவர்கள் நிக்கல் டெஸ்ட் கிட் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். டைமீத்தைல்கிளையாக்சிம் என்ற மருந்தை அம்மோனியாவோடு பஞ்சுக் குச்சியில் நனைத்து, அரை நிமிடம் தேய்த்தால் போதும். நிக்கல் வெளியேறினால் பஞ்சு ரோஜா நிறமாகும். நெஞ்சு உயரத்தில் ஒரு தடவை, மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தடவை, யாரும் தொடாத உச்சியில் ஒரு தடவை. உச்சியில் வெள்ளையாகவும் நெஞ்சு உயரத்தில் ரோஜாவாகவும் வந்தால் அந்தக் கம்பம் தன் வயதைச் சொல்லிவிட்டது.

பழகப் போற இடத்தில் எல்லாமே குரோம். எனக்கு நிக்கல் அலர்ஜி உறுதியாயிடுச்சு. விட்டுடணுமா?

விடவேண்டாம். முதலில் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். தேயாத புதுக் கம்பம் எது என்று அவருக்குத் தெரியும், அதைக் கேட்டு வாங்குங்கள். தோல் பிடி தேவைப்படாத சுற்றுகளை நீளக் கால்சட்டையோடு செய்யலாம். முடிந்ததும் படுக்கும்வரை காத்திருக்காமல் அங்கேயே கழுவுங்கள். தோலில் ஏற்கனவே பொரியோ வெடிப்போ இருக்கும் நாளில் ஏறாதீர்கள், உடைந்த தோலில் நிக்கல் சுலபமாக இறங்கும்.

செய்யக்கூடாதவை இரண்டு. தடுப்புக் கிரீம் பூசிக்கொண்டு ஏறுவது: அரிப்பு குறையலாம், ஆனால் கை நழுவித் தலைகுப்புற விழுந்தால் அரிப்பு நினைவுக்கே வராது. இரண்டாவது, சளி அலர்ஜிக்குப் போடும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தைரியமாக ஆடுவது. நிக்கல் அரிப்பு ஹிஸ்டமின் வழியாக வருவதல்ல. மாத்திரையால் தூக்கம்தான் வரும். மருந்து வேண்டும் என்றால் தோல் மருத்துவர் தரும் கிரீம்தான், அதையும் ஆடாத வேளையில்.

டெஸ்ட் கிட்டில் ரோஜா நிறமே வரலை. ஆனா அந்தக் கம்பத்தில் ஆடினா மட்டும் அரிக்குது. எதை நம்பறது?

தோலை நம்புங்கள். ரோஜா நிறம் வந்தால் நிக்கல் இருப்பது கிட்டத்தட்ட உறுதி. வராமல் போனால் இல்லை என்று அர்த்தமல்ல. குறைந்த அளவில் கசிவதை இந்தச் சோதனை பல நேரம் தவறவிடும். நீங்கள் தேய்த்தது உலர்ந்த கம்பத்தில் அரை நிமிடம். ஆடுவதோ வியர்வையோடு ஒரு மணி நேரம். கம்பத்தில் எண்ணெயோ ரோசினோ படிந்திருந்தாலும் மருந்து உலோகத்தைத் தொடாது. ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்து, காயவிட்டு, கை அதிகம் படும் இடத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

அப்போதும் வெள்ளையாகவே இருந்தால் ரோசின் பற்றி மேலே சொன்னதைச் செய்து பாருங்கள். இரண்டு வாரம் எந்தப் பிடிமான மருந்தும் இல்லாமல், நீங்களே துடைத்த கம்பத்தில் தரையோடு செய்யும் எளிய அசைவுகள் மட்டும். நாள் குறிக்கும் காகிதம் கையில் இருக்கட்டும், அதையே தோல் மருத்துவரிடமும் கொண்டு போங்கள். போகும்போது பிடிமான மருந்து டப்பாக்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பேட்ச் டெஸ்டில் எதையெல்லாம் சேர்ப்பது என்று அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.